கைல திடீரெண்டு அஞ்சு லட்சம் வந்தா கடைக்காரர் அத எங்க போடுவார்?

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஹோல்சேல் கடை இருக்கு, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், மல்லி எண்டு சாக்கு சாக்கா அடுக்கியிருக்கும், மாசத்தில ரெண்டு நாள் நான் அங்க கணக்கு எழுதப் போவேன். ஒரு நாள் பின்நேரம், நாட்டாமிமார் லொறில கடைசி மூட்டைய ஏத்திட்டு பிளேன்டி குடிக்கப் போன நேரம், முதலாளிட்ட கேட்டேன், "அண்ணே, இப்ப யாரும் சும்மா ஒரு அஞ்சு லட்சத்தக் கொண்டுவந்து இந்த மேசையில வச்சா என்ன செய்வீங்க?" அவர் யோசிக்கவே இல்ல. திரும்பி சுவர்ல தொங்கின காலண்டரக் காட்டினார். தேதிக் கட்டத்துக்குள்ள நீலப் பேனையால பொடி எழுத்தில தொகை எழுதியிருந்துச்சு, 14ல 185,000, 17ல 92,000, 21ல 140,000, 22ல 75,000. எல்லாம் அவர் குடுத்து வச்சிருக்கிற செக். முடிஞ்ச செக்குக்கு மேல சிவப்புக் கோடு. "இந்த நாலு கட்டமும் போயிரும் தம்பி" எண்டார். கூட்டிப் பாத்தேன், 492,000. மிச்சம் 8,000 ரூவா.

இந்த எட்டாயிரத்தப் பத்தித்தான் எழுத வேணும் எண்டு அண்டைக்கே நினைச்சேன். வெளில இருந்து பாக்கிற ஆக்கள், பிசினஸ்காரன் கைல காசு வந்தா கடையப் பெருப்பிப்பான், புது மெஷின் எடுப்பான், இன்னொரு பிராஞ்ச் போடுவான் எண்டு நினைப்பாங்க. அப்பிடிச் செய்யாட்டி அவனுக்கு முன்னேறுற எண்ணம் இல்ல, பயந்தாங்கொள்ளி எண்டு ஒரு முடிவுக்கு வந்துருவாங்க. பத்து வருஷத்துக்கு மேல கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தை வரைக்கும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிறவன் எண்ட முறையில எனக்கு இதில உடன்பாடே இல்ல. எதிர்பாராம வந்த காசு எங்க போகுது எண்டது கடைக்காரர்ட குணத்தப் பொறுத்தது இல்ல, அந்தக் காசு வாறதுக்கு முதல் நாள் வரைக்கும் அவருக்குக் காசு என்ன விலைக்குக் கிடைச்சுது எண்டதப் பொறுத்தது. காசுக்கும் விலை இருக்கு, அதுதான் வட்டி, அந்த விலை தெரிஞ்சா அவர் என்ன செய்வார் எண்டு முக்கால்வாசி சொல்லிறலாம்.

முதல்ல செக் விஷயத்த விளங்கப்படுத்துறேன், ஏனெண்டா புறக்கோட்டை முழுக்க ஓடுறது அதிலதான். சின்னக் கடைக்காரர் பெரிய ஆள்ட்ட சாமான் எடுக்கேக்க காசு குடுக்கிறதில்ல, 30 நாள், 45 நாள், சில நேரம் 60 நாள் தள்ளி தேதி போட்டு செக் எழுதிக் குடுப்பார். அந்தத் தேதிக்கு முதல் சாமான் வித்து காசு பேங்குக்குப் போகணும். போகாட்டி செக் திரும்பும், ஒருக்கா திரும்பினா அந்த ஆள் கடன் குடுக்க மாட்டார், ரெண்டாந்தரம் திரும்பினா பக்கத்துக் கடைக்காரருக்கும் கதை தெரிஞ்சிரும், அதுக்குப் பிறகு தெருவில யாருமே குடுக்க மாட்டாங்க. அதால செக் தேதி வந்தா கடைக்காரர் எப்பிடியாவது காசு புரட்டுவார். தனக்கு மத்த ஆள் குடுத்த செக்க, தேதி வாறதுக்கு முதலே ஒருத்தர்ட்ட குடுத்து காசாக்குவார், இதத்தான் செக் மாத்துறது எண்டு சொல்றது, மாத்துறவர் தன்ட பங்கக் கழிச்சுக்கொண்டுதான் குடுப்பார். மாசம் நூத்துக்கு நாலு, அஞ்சு எண்டு போறது நான் பாத்த கணக்குகள்ல சாதாரணம். வருஷக் கணக்குக்கு அது 50, 60 வீதம். இப்பிடி மாசம் அஞ்சு வீதத்துக்கு காசு வாங்கி ஓடுற மனுசன்ட கைல அஞ்சு லட்சம் வந்தா, அத அந்தக் கடனுக்குப் போட்டா மாசம் 25,000 மிச்சம், எந்த ஆபத்தும் இல்லாம. புது பிராஞ்ச் போட்டா மாசம் 25,000 நிச்சயமா வரும் எண்டு ஆரால சொல்ல ஏலும்? அவர் காலண்டரக் காட்டினது சரியான முடிவு. தெரு முழுக்கத் தெரிஞ்ச கணக்கு அது.

சரி, கடன் இல்லாத ஆள் என்ன செய்வார்? இதுக்கு எங்கட நாட்டிலயே ஒரு பெரிய பதில் இருக்கு, எங்கட ஆக்கள் கனபேர் கேள்விப்பட்டதில்ல. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 ஏப்ரல்ல இருந்து, சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் எண்ட மூண்டு பொருளியல்காரர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்கள்ல 600க்கு மேற்பட்ட சின்ன வியாபாரங்களத் தெரிவு செஞ்சாங்க. எல்லாம் சரியான சின்னது, சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காத, காணி கட்டிடத்த விட்டுட்டுப் பாத்தா மூலதனம் ஒரு லட்சம் ரூவாய்க்குள்ள இருக்கிற வியாபாரம், பலசரக்குக் கடை, தையல், ரேந்தை பின்னுறது, சைக்கிள் திருத்துறது இந்த மாதிரி. இவங்கள்ல ஆருக்குக் குடுக்கிறது எண்டு குலுக்கல் போட்டுப் பாத்து, சிலருக்கு 10,000, சிலருக்கு 20,000 ரூவா குடுத்தாங்க, பாதிப் பேருக்கு காசா, பாதிப் பேருக்கு அவங்க கேட்ட சாமானா இல்லாட்டி மெஷினா. சர்வேக்குப் பதில் சொன்னதுக்குப் பரிசு எண்டுதான் குடுத்தது, திருப்பித் தரத் தேவையில்ல, என்னத்துக்குச் செலவழிக்கணும் எண்டு காசுக்கு ஒரு நிபந்தனையும் இல்ல. அப்ப 10,000 ரூவா எண்டா அவங்கட மூண்டு மாச லாபத்துக்குக் கிட்ட. அதாவது இது உண்மையான திடீர்க் காசு. "வந்தா என்ன செய்வீங்க" எண்டு வாயால கேட்ட கேள்வி இல்ல. வாயால கேட்டா ஆக்கள் அழகான பதில் சொல்லுவாங்க, கைல குடுத்துப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

காசா வாங்கின ஆக்கள் அத எங்க போட்டாங்க எண்டா, சராசரியாப் பாக்க 58 வீதம் கடைக்குள்ளயே போச்சு. 12 வீதம் சேமிப்பு. 6 வீதம் கடன் கட்ட. வீட்டுச் சாப்பாடு செலவுக்கு 5 வீதம், வீடு திருத்த 4 வீதம், மிச்சம் அங்க இங்க. கடைக்குள்ள போனதிலயும் மூண்டில ரெண்டு பங்கு மெஷினுக்கு இல்ல, சாமானுக்கு, ஸ்டொக்குக்கு. இதுதான் எனக்குச் சரியாப் பிடிச்ச இடம், ஏனெண்டா நான் கணக்குக் கொப்பில பாக்கிறதும் இதுதான், சின்னக் கடைக்காரர்ட முதல் ஆசை மெஷின் இல்ல, தட்டு நிறையச் சாமான். கஸ்டமர் வந்து கேக்கேக்க "இல்ல" எண்டு சொல்ற ஒவ்வொரு தரமும் அவருக்கு ஒரு நட்டம், அது எந்தக் கணக்கிலயும் எழுதப்படாத நட்டம், ஆனா அவருக்கு ராத்திரில படுக்கேக்க ஞாபகம் வரும்.

அதால வந்த பலன் என்ன? குடுத்த முதலுக்கு மாசம் 4.6ல இருந்து 5.3 வீதம் வரைக்கும் லாபம் கூடிச்சு, வருஷத்துக்கு 55ல இருந்து 63 வீதம். அந்த நேரத்து பேங்க் கடன் வட்டிய விட பல மடங்கு கூட. இத விளங்கிக்கொள்ள இன்னொரு பக்கமாப் பாருங்க. இந்தச் சின்ன வியாபாரங்கள் காசு இல்லாத ஒரே காரணத்தால மாசம் அஞ்சு வீத லாபத்த வருஷக்கணக்கா கைவிட்டுக்கொண்டு இருந்திருக்கு. பேங்க் குடுக்காது, ஏனெண்டா ஈடு வைக்க ஒண்டுமில்ல, கணக்கு எழுதி வைக்கவும் இல்ல. மாசம் அஞ்சு எண்ட இந்த இலக்கம் புறக்கோட்டையில செக் மாத்துற வட்டிக்குக் கிட்டவா இருக்கிறதப் பாத்து நான் கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தேன். ரெண்டும் வேற வேற ஊர், வேற வேற அளவு வியாபாரம், ஒண்டுதான் எண்டு சொல்ல ஏலாது, ஆனா ஆக்கள் ஏன் அவ்வளவு வட்டிக்கும் காசு வாங்குறாங்க எண்ட கேள்விக்கு இதில ஒரு பதில் இருக்கு. சாமான் ஓடுற கடையில அந்த வட்டியக் குடுத்தும் கொஞ்சம் மிஞ்சுது.

இன்னொண்டையும் கட்டாயம் சொல்லணும். ஆருக்கு லாபம் கூடிச்சு, ஆருக்குக் குறைஞ்சுது எண்டு பாக்கேக்க, திறமையும் வீட்டு வசதியும்தான் வித்தியாசத்த உண்டாக்கிச்சு, துணிஞ்ச ஆளா பயந்த ஆளா எண்டது ஒரு வித்தியாசத்தையும் உண்டாக்கேல்ல. வசதி குறைஞ்ச வீட்டு ஆள்ட கைல போன காசு கூட வேலை செஞ்சுது, ஏனெண்டா அவருக்குத்தான் அதுக்கு முதல் வேற வழியே இருக்கேல்ல. "அவனுக்குத் துணிச்சல் இல்ல" எண்டு சின்ன முதலாளிமாரப் பத்திக் கதைக்கிறவங்களுக்கு இத ஒருக்கா வாசிச்சுக் காட்ட எனக்கு ஆசை.

இனி கொழும்புக்கு வருவம். காசு வாற மாசமும் முக்கியம், அத வெளி ஆக்கள் கவனிக்கிறதில்ல. மார்ச் மாசம் வந்தா அது சித்திரை வருஷ சீசனுக்கு ஸ்டொக்காப் போயிரும், வேற பேச்சே இல்ல, உடுப்புக் கடை, செருப்புக் கடை, பிளாஸ்டிக் சாமான் விக்கிற கெய்சர் வீதிக் கடை எல்லாத்துக்கும் அந்த மூண்டு கிழமைதான் வருஷத்திட முதுகெலும்பு. ஒக்டோபர்ல வந்தா தீபாவளி, அதோட சேத்து நத்தார். அதே காசு ஜனவரியில வந்தா? சீசன் முடிஞ்சு, விக்காத சாமான் அடுக்கில கிடக்கும், பிள்ளைகளுக்கு ஸ்கூல் காசு, கொப்பி, சப்பாத்து, தைப்பொங்கல், எல்லாம் ஒரே நேரத்தில நிக்கும், அந்தக் காசு வீட்டுக்குத்தான் போகும். ஒரே ஆள், ஒரே கடை, ஒரே தொகை, மாசம் மட்டும் வேற. ஆடிவேல் நேரம் செட்டியார் தெருப் பக்கம் பூசை சாமான் விக்கிற ஒருத்தர்ட கொப்பில நான் இதக் கண்ணால பாத்திருக்கேன், ஒரு வருஷம் ஆடிக்கு முதல் அவர் வீட்டில ஒரு காணி வித்த காசு வந்துது, முழுக்க சாமானாப் போச்சு, கற்பூரம், பித்தளை விளக்கு, எல்லாம், திருவிழா முடிய அரைவாசிக்கு மேல திரும்பக் காசாகிச்சு, அந்தக் காசு அதே வழியா வீட்டுக் கூரைக்குப் போச்சு.

சேமிக்கிறத எப்பிடிச் சேமிக்கிறாங்க எண்டதுக்கு 2022 பெரிய பாடம், அதுக்குப் பிறகு கொழும்புக் கடைக்காரர்ட மூளை மாறிப் போச்சு எண்டே சொல்லுவேன். அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூவாச் சுத்தி நிண்டுது, மே மாசம் வரேக்க 360. ஏப்ரல் 12 அண்டைக்கு வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அரசாங்கம் அறிவிச்சுது. செப்டெம்பர்ல கொழும்பு விலைவாசி போன வருஷத்த விட 69.8 வீதம் கூட. இதுக்குள்ள காசக் காசாவே வச்சிருந்த மனுசன் ஒரு தப்பும் செய்யாம நட்டப்பட்டார். ஜனவரியில பத்து லட்சம் பேங்கில இருந்தா, வருஷக் கடைசியிலயும் பத்து லட்சமும் வட்டியும் இருந்துச்சு, ஆனா அதால வாங்கக்கூடிய சாமான் முந்தி வாங்கினதில மூண்டில ரெண்டு பங்கு அளவுதான். அதே பத்து லட்சத்துக்கு இறக்குமதிச் சாமான் வாங்கி அடுக்கி வச்சிருந்தவர் தப்பினார். பழைய சோனகத் தெருவில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற ஒருத்தர், "என்ட பேங்க் இந்த ஆணிப் பெட்டிதான்" எண்டு தட்டிக் காட்டினவர், அது அவருக்கு விளையாட்டுப் பேச்சு இல்ல. அதுக்கும் ஒரு மறுபக்கம் இருந்துச்சு. பழைய விலைக்கு வாங்கினத புது விலைக்கு வித்தவங்க லாபம் எண்டு நினைச்சு செலவழிச்சாங்க, பிறகு அதே சாமானத் திரும்ப வாங்கப் போகேக்க காசு காணாமப் போச்சு. வித்த விலையில எவ்வளவு லாபம், எவ்வளவு திரும்பச் சாமான் வாங்க வைக்க வேண்டியது எண்டு பிரிச்சுப் பாக்காத கடைகள் அந்த வருஷம் அரைத் தட்டாகிச்சு. எதிர்பாராத காசிலயே ஆக ஏமாத்துற காசு இதுதான் எண்டு எனக்குத் தோணுது, லாபம் மாதிரி வேஷம் போட்டு வாற உன்ட சொந்த முதல்.

அதே வருஷக் கடைசியில இன்னொரு கூத்து நடந்துது. பேங்க் தன்ட ஆகத் தரமான கஸ்டமருக்குக் குடுக்கிற கடன் வட்டியே 25 வீதத்தத் தாண்டிச்சு, நிலையான வைப்புக்கு, அதான் எஃப்டிக்கு, 20 வீதத்துக்கு மேல குடுத்தாங்க. அப்ப கைல காசு வந்த ஒருத்தரும் கடைக்குப் போடல்ல. கடைய ஓட்டினா கரண்ட் இல்ல, பெற்றோல் கியூஆர் கோட் காட்டினா அளந்து தான் குடுப்பாங்க, கஸ்டமர்ட கைல காசில்ல, இதெல்லாம் விட்டுட்டு எஃப்டி போட்டா வீட்டில இருந்தே வட்டி. நானும் ரெண்டு பேருக்கு அப்பிடித்தான் சொன்னேன். இப்ப அந்தக் கதை இல்ல. மத்திய வங்கி 2023 ஜூன்ல இருந்து வட்டியக் குறைச்சுக்கொண்டே வந்து 2025 மே மாசம் 7.75 வீதத்துக்குக் கொண்டுவந்துட்டு, எஃப்டி வட்டி அதோட சேந்து விழுந்துட்டு, அந்த வட்டியிலயும் 2025 ஏப்ரல்ல இருந்து 5க்குப் பதிலா 10 வீத வரி பிடிக்கிறாங்க. ஆகவே இப்ப ஒருத்தர்ட்ட காசு வந்தா அவர் திரும்பக் கடைப் பக்கம்தான் பாக்கிறார், இல்லாட்டி தங்கம். காசின்ட விலை மாறிச்சு, முடிவும் மாறிச்சு, மனுசன் அதே மனுசன்.

தங்கத்தப் பத்தி நிறைய எழுதலாம், சுருக்கமாச் சொல்றேன். 2020 தொடக்கத்தில ஒரு பவுன் ஒரு லட்சத்துக்குக் கீழ, 2025 கடைசியில மூண்டு லட்சத்தத் தாண்டிச்சு. ஆனா கடைக்காரர் தங்கம் வாங்கிறது விலை ஏறும் எண்டதுக்கு மட்டும் இல்ல. அது அவருக்கு ஓடி, அதான் கணக்கில இருக்கிறத விடக் கூட எடுக்க பேங்க் விடுற ஓவர்டிராஃப்ட் கடன், மாதிரி, காலையில செக் தேதி எண்டா, பத்து மணிக்கு மனுசிட வளையலக் கொண்டுபோய் பேங்க் அடகுல வச்சா அரை மணித்தியாலத்தில காசு, வட்டியும் செக் மாத்துறத விட எவ்வளவோ குறைவு. கடையில இருக்கிற பருப்பு மூட்டைய அப்பிடி ஒருத்தரும் அடகு பிடிக்க மாட்டாங்க. வீட்டாக்கள் கழுத்தில காதில போடுறது ஒரு பக்கம், அது கடைட ரிசர்வ் எண்டது மறு பக்கம், அந்த ரெண்டாவது பக்கத்த நான் கணக்கில எழுத ஏலாது, ஆனா கடை நிக்கிறது பல நேரம் அதிலதான்.

வீட்ட ஈடு வச்சு ஓடி எடுத்தவங்கட கதை வேற. 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ பேங்குக்கு ஒரு அதிகாரம் இருக்கு, கடன் கட்டாட்டி கோட்டுக்குப் போகாமலே ஈடு வச்ச சொத்த ஏலத்தில விக்கலாம், பராட்டே சட்டம் எண்டு எல்லாரும் சொல்றது இதத்தான். நெருக்கடிக்குப் பிறகு இதால விழப் போற சின்ன முதலாளிமார் தொகை கூடிப் போய், 2024ல அத டிசம்பர் 15 வரைக்கும் நிப்பாட்டி வச்சாங்க, பிறகு 2025 மார்ச் 31 வரைக்கும் நீட்டினாங்க. நீங்க அந்த நிலைமையில இருக்கிற ஆள்ட்ட போய் காசு வந்தா என்ன செய்வீங்க எண்டு கேட்டுப் பாருங்க. கேள்விய முடிக்க விட மாட்டார். பிள்ளைகள் படுத்து எழும்புற வீடு கடையிட கடனுக்கு நிக்கேக்க கடைய விரிக்கிற எண்ணம் எப்பிடி வரும்? சின்ன வியாபாரத்த வளக்க வேணும் எண்டு மேடையில கதைக்கிறவங்க இத ஒரு நாளும் விளங்கிக்கொண்டதா எனக்குத் தெரியல்ல, எனக்கு இதில கோபம் இருக்கு, அத மறைக்க விரும்பல்ல.

வாடகைக் கடையும் இப்பிடித்தான். வெள்ளவத்தையில காலி வீதிப் பக்கம் ஒரு கடைக்கு அட்வான்ஸும் வாடகையும் குடுத்து, நொத்தாரிஸ்ட்ட ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் எழுதினவர் ஏன் அதுக்கு டைல்ஸ் போடணும்? ரெண்டு வருஷம் முடிய, டைல்ஸ் போட்ட கடை எண்டு வாடகை கூட்டுவாங்க. அதால அவர் காசு வந்தா கழட்டிக் கொண்டுபோகக் கூடியதுக்குத்தான் போடுவார், ஃபிரிட்ஜ், கண்ணாடி அலுமாரி, தராசு, இன்வேர்ட்டர். கடையப் பாத்தா பழசா இருக்கும், உள்ளுக்க இருக்கிற சாமானெல்லாம் புதுசு. அந்தக் கடைய ஆரும் "முன்னேறல்ல" எண்டு சொன்னா பிழை.

இவ்வளவும் ஆம்பிளை முதலாளிமார வச்சுச் சொல்லிக்கொண்டு வந்தேன். பெண்கள்ட கதையில ஒரு பெரிய திருப்பம் இருக்கு. நான் மேல சொன்ன தெற்குக் கரையோர ஆராய்ச்சியில, காசு வாங்கினவங்கள ஆண், பெண் எண்டு பிரிச்சுப் பாக்கேக்க, அந்த அஞ்சு வீத லாபம் முழுக்க ஆம்பிளைகள்ட கடையில இருந்துதான் வந்திருக்கு, பெண்கள்ட வியாபாரத்தில சராசரியா ஒரு கூடுதலும் இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தபோதும் அதே கதை, காசு வாங்கின ஆம்பிளைகள்ட வியாபாரம் நிலைச்சு நிண்டது கூட, லாபமும் கூட, பெண்களுக்கு அந்த வித்தியாசம் தெரியல்ல. இத மேலோட்டமா வாசிச்சிட்டு பொம்பிளைகளுக்கு வியாபாரம் சரிவராது எண்டு முடிவெடுத்தவங்களும் இருக்காங்க. 2019ல வேற ஆராய்ச்சிக்காரர் இலங்கை, இந்தியா, கானா மூண்டு நாட்டுக் கணக்கையும் திரும்ப எடுத்து, வீட்டுக்குள்ள போய்ப் பாத்தாங்க. வீட்டில புருஷனும் ஒரு வியாபாரம் செஞ்சா, மனுசிட பேர்ல வந்த காசு புருஷன்ட வியாபாரத்துக்குள்ள போயிருக்கு. வீட்டில ஒரே வியாபாரம் அந்தப் பெண்ணுடையது மட்டும் எண்டா, ஆம்பிளைகளுக்கு வந்த மாதிரியே லாபம் அவங்களுக்கும் வந்திருக்கு. காசு எங்கயும் காணாமப் போகல்ல, மற்றக் கடைட லாச்சிக்கு மாறிப் போயிருக்கு.

இத வாசிச்சபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது கொட்டாஞ்சேனையில இடியப்பம் அவிச்சுக் குடுக்கிற ஒரு அக்கா. விடிய மூண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குள்ள நாலஞ்சு கடைக்கும் சில வீடுகளுக்கும் தட்டுத் தட்டா அனுப்புவாங்க, சம்பலும் சொதியும் வேற. அவங்கட தம்பி கனடாவில இருந்து ஒரு தரம் ஒரு தொகை அனுப்பினார், ஒரு பெரிய ஸ்டீமருக்கும் அரிசி மாவுக்கும் எண்டு. மாமா, அவங்கட புருஷன், ஓட்டோ ஓடுறவர், அந்த மாசம் எஞ்சின் வேலை வந்துது. ஓட்டோ நிண்டா வீட்டில மற்ற வருமானம் நிக்கும், அதால காசு எஞ்சினுக்குப் போச்சு. அது பிழை எண்டு அக்கா சொல்லவும் இல்ல, நானும் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு அந்த நேரம் அதுதான் சரி. ஆனா இடியப்பக் கணக்கு மட்டும் பாக்கிற ஒருத்தர், "காசு குடுத்தும் இவவின்ட பிசினஸ் வளரல்லயே" எண்டுதான் எழுதுவார்.

இதோட சொந்தக்காரர் விஷயமும் சேந்து வரும். காசு வந்தது தெரிஞ்சா கேட்டு வருவாங்க, ஒருத்தருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, ஒருத்தருக்கு வெளிநாடு போக ஏஜென்சிக் காசு, ஒருத்தருக்குப் பிள்ளைட சாமத்தியவீடு. முன்ன அவங்க எங்களுக்குத் தந்தவங்க, நாளைக்கும் தரப் போறவங்க, அதால இல்லை எண்டு சொல்றது லேசு இல்ல. சின்ன முதலாளிமாருக்கு இன்சூரன்ஸ் எண்டு இருக்கிறது முக்கால்வாசி இந்தச் சொந்தம்தான், அதுக்குரிய பிரீமியத்தக் கட்டுற நேரம் காசு வாற நேரம். இருந்தாலும் எல்லாத்தையும் குடுத்திட்டு இருக்க ஏலாது. அதால காசு வந்த உடனே அதக் காசா வச்சிருக்காம வேற ஒண்டா மாத்திப் போடுறது ஒரு பழக்கம், சீட்டில ஒரு பங்கு போடுறது, சிமெண்ட் மூட்டை வாங்கி வைக்கிறது, சங்கிலி. கானாவில நடந்த அதே மாதிரியான ஒரு ஆராய்ச்சியில, காசாக் குடுத்தத விட சாமானாக் குடுத்ததுதான் வியாபாரத்தில தங்கினது எண்டு கண்டாங்க, பெண்கள்ட பக்கம் இது நல்லாத் தெரிஞ்சுது, ஆனா அதுவும் ஏற்கனவே ஓரளவு லாபம் பாத்துக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான். இலங்கையில காசுக்கும் சாமானுக்கும் அப்பிடி வித்தியாசம் கிடைக்கல்ல. ஆனா கைல காசு இருக்கிறதுக்கும் மா மூட்டை இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு அந்த அக்காவுக்கு நல்லாத் தெரியும்.

ரெண்டாந்தரம் கனடாத் தம்பி காசு அனுப்பினது போன வருஷம். இந்தத் தரம் அவங்க அத வீட்டுக்குக் கொண்டுவரவே இல்ல. பேங்கில எடுத்த கையோட நேரா அரிசி மா அரைக்கிற இடத்துக்குப் போய் மூண்டு மாசத்துக்கு முற்பணமாக் கட்டிட்டு, ஒரு கொப்பில மா அரைக்கிறவர்ட கையெழுத்த வாங்கிக்கொண்டு வந்தாங்க. முற்பணம் கட்டினதால கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சும் குடுத்தார். ரெண்டு கிழமைல ஆரோ கடன் கேட்டு வந்தபோது, "வீட்டில காசு இல்ல, மா தான் இருக்கு" எண்டு சொன்னாங்களாம், உண்மையும் அதுதான். மிச்சத்துக்கு ஸ்டீமர் வந்திட்டு. முந்தி ரெண்டு அடுப்பில அவிச்சத இப்ப ஒரு அடுப்பில அவிக்கிறாங்க, மூண்டு மணிக்குப் பதிலா நாலு மணிக்கு எழும்பினாப் போதும். புதுசா ரெண்டு கடை கேட்டிருக்கு, ஒண்டு ஆமர் வீதிப் பக்கம், கொண்டுபோய்க் குடுக்கிறது மாமாவிட ஓட்டோவிலதான்.